குதிரைவழியும் கால்வழியும்
நுவரெலியாக் குடியேற்றம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியாவின் வரலாறு பெரும்பாலும் ஒரு கண்டுபிடிப்பின் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆங்கில அதிகாரிகள் சிலர் வேட்டையின்போது குளிர்ந்த சமவெளியொன்றைக் கண்டனர்; தேசாதிபதி ஒருவர் அங்கு மாளிகை எழுப்பினார்; இங்கிலாந்திலிருந்து வந்த கனவான் ஒருவர் குதிரை, நாய், பசு ஆகியவற்றுடன் குடியேறி ஆங்கிலக் கிராமமொன்றை உருவாக்க முயன்றார். உல்லாசப் பயணக் கைந்நூல்களும் நகரசபை மலர்களும் இக்கதையையே திரும்பத் திரும்பக் கூறுகின்றன. இக்கதை பொய்யன்று, ஆனால் அது முழுமையற்றது. முழுமையற்ற உண்மை நெடுங்காலம் வழங்கும்போது கருத்துநிலையின் வடிவத்தைப் பெற்றுவிடுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

குதிரை வளர்ப்பதற்கும் ஏறிச் செல்வதற்கும் வாய்ப்புடைய, மிதமான தட்பவெப்பமுள்ள நாட்டுப்புறமொன்றிற்குக் குடிபெயர்ந்து வாழ்தல் என்ற ஆசை தனிமனித விருப்பமாகவே தோற்றமளிக்கின்றது. அவ்விருப்பம் நிறைவேறுவதற்கு எத்தகைய காணிச் சட்டங்கள் வேண்டும், எத்தகைய வீதிகள் வேண்டும், யாருடைய உழைப்பு வேண்டும் என்ற வினாக்களை எழுப்பும்போதுதான் அதன் சமூகத் தன்மை வெளிப்படும். நுவரெலியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதே ஆண்டுகளில் அதே மலைகளை நோக்கி மற்றொரு குடிப்பெயர்வும் நிகழ்ந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்த தமிழ்நாட்டு உழைப்பாளரின் குடிப்பெயர்வே அது. ஒன்றினை மற்றொன்றிலிருந்து பிரித்து நோக்கும் வழக்கமே வரலாற்றெழுத்தில் மேலோங்கியுள்ளது. இரண்டும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு பக்கங்கள் என்பதே நமது நிலைப்பாடு.

2

குதிரை இலங்கைக்குரிய விலங்கன்று. அது எக்காலத்தும் கடல்வழி வந்த பொருளாகவே இருந்துள்ளது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை கொணர்ந்த வணிகனொருவனின் மைந்தர் என மகாவம்சம் கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளை அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் இறக்குமதியானமையையும், அவை அங்கு நெடுநாள் வாழாது மடிந்தமையையும் விரிவாக எழுதியுள்ளார். வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்திலே குதிரை இயல்பாகப் பெருகுவதில்லை. ஆகவே அதனை வைத்திருத்தல் செல்வத்தின் அடையாளமாயிற்று. இறந்தவற்றிற்கு ஈடாகப் புதியனவற்றை வாங்கக்கூடியவனே குதிரைக்கு உரியவனாக இருக்க முடிந்தது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவிற் குதிரைகளை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் அங்குக் குதிரை வளர்ப்பு நடைபெற்றது. அத்தீவின் வரண்ட புல்வெளிகளில் இன்றும் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் அம்முயற்சியின் எச்சங்களே. நெடுந்தீவு குதிரைக்கு ஏற்றதாயினும் ஐரோப்பியக் கனவானுக்கு ஏற்றதாகக் கருதப்படவில்லை. குதிரைக்கும் அதன் எசமானனுக்கும் ஒருங்கே உவப்பான தட்பவெப்பம் எங்குள்ளது என்ற தேட்டம் மலையுச்சியிலேயே விடை கண்டது.

3

இத்தேட்டத்திற்கு ஒரு மருத்துவக் கோட்பாடும் துணைநின்றது. அழுகும் தாவரங்களிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் எழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவரின் நம்பிக்கை. நுளம்பின் வழியே மலேரியா பரவுகின்றது என்னும் உண்மையை 1897இலேயே றொனால்ட் றொஸ் நிறுவினார். எனினும் கோட்பாடு தவறாயிருந்தபோதும் அனுபவம் சரியாகவே இருந்தது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் அளவிலுள்ள நுவரெலியாவிலே மலேரியா நுளம்பு பெருகுவதற்கு வாய்ப்பில்லை. கீழ்நாட்டிற் காய்ச்சலுற்ற படைவீரர் மேலே சென்றதும் தேறினர். தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் உறைபனி படியும் புல்வெளி அவர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டியது.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி மிகுந்த கொடுமையுடன் அடக்கப்பட்டது. அக்கிளர்ச்சி அடங்கிய மறு ஆண்டிலேயே, அதாவது 1819இல், மருத்துவரான யோன் டேவி நுவரெலியாவைக் கண்டு எழுதினார். அதே 1819இல்தான் கோயம்புத்தூர்க் கலெக்டர் யோன் சலிவன் நீலகிரிக்கு ஏறிச் சென்றார். சில ஆண்டுகளுள் உதகமண்டலத்தில் அவருடைய கல்வீடு எழுந்தது. ஓராண்டு ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆயின் இரு நிகழ்ச்சிகளுக்கும் பின்னணியான அரசியல் ஒன்றே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்நாட்டரசுகள் வீழ்த்தப்பட்டபின், போருக்கு அஞ்சவேண்டாத நிலையில், ஆளும் வர்க்கம் தனக்கென உறைவிடம் தேடியது. படையெடுப்பு முடிந்த இடத்தில் உல்லாசம் தொடங்குகின்றது.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் எட்வேட் பாண்ஸ் நுவரெலியாவிற் பெருஞ்செலவில் மாளிகை கட்டியதோடு, படைவீரருக்கான ஆரோக்கிய நிலையமொன்றையும் நிறுவினார். வீதியமைப்பிற் பேரார்வம் கொண்ட இதே பாண்ஸ், கண்ணொறுவையிற் கோப்பித் தோட்டம் அமைத்து வழிகாட்டியவரும் ஆவார். கொழும்பு-கண்டி வீதி இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பயன்படுத்தியே அமைக்கப்பட்டது. மன்னனுக்கும் நிலத்துக்கும் கட்டுப்பட்ட நிலமானிய ஊழிய முறை, குடியேற்றநாட்டு முதலாளித்துவத்திற்கு வழி திறக்கும் கருவியாக மாற்றப்பட்டமை இங்குக் கவனிக்கத்தக்கது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் மலைவீதி வேலைகளில் ஈடுபடுத்தப்பட்ட முன்னோடிப் படையிலே தென்னிந்தியத் தமிழர் பலர் இருந்தனர். குதிரை ஏறுவதற்கு முன்னரே, அது ஏறவேண்டிய வழியை வெட்டியோர் ஏறியிருந்தனர்.

4

1848ஆம் ஆண்டு உலக வரலாற்றில் முக்கியத்துவம் வாய்ந்தது. பெப்புருவரியில் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்டுக் கட்சி அறிக்கை வெளிவந்தது. ஐரோப்பியத் தலைநகரங்களிற் புரட்சிகள் வெடித்தன. இலங்கையிலும் அவ்வாண்டு அமைதியாக இருக்கவில்லை. கோப்பி விலை வீழ்ச்சியினால் வெறுமையான திறைசேரியை நிரப்புதற்கு, தேசாதிபதி டொறிங்ரனின் அரசு நாய்வரி, துப்பாக்கி வரி, கடைவரி ஆகியவற்றை விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் எனவும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் வேறு பெயரில் மீள்வதாகவே கண்டி மக்கள் இதனைக் கருதினர். ஆடி மாத இறுதியில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது.

அந்த இராணுவச் சட்டம் நடைமுறையிலிருந்த செப்டெம்பர் மாதத்திலேதான், சாமுவேல் பேக்கரின் குடியேற்றக் கூட்டம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. 1821இற் பிறந்த பேக்கர், ஜமேக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்களையுடைய வணிகக் குடும்பத்தின் மைந்தர். மொரீசியசிற் சிலகாலம் தோட்ட நிருவாகத்திலும் ஈடுபட்டவர். 1840களின் நடுப்பகுதியில் யானை வேட்டையை நாடி இலங்கைக்கு வந்த அவர் காய்ச்சலால் நலிந்து, நுவரெலியாவிற் சில நாட்கள் தங்கித் தேறினார். அந்நாட்களே அவரைக் குடியேறத் தூண்டின. பண்ணை நிருவாகி, கொல்லர், குதிரைக்காரன் முதலிய ஊழியரும், கலப்பைகளும், டேர்ஹம் இனப் பசுவும், கலப்பினக் காளையும், வெவ்வேறினத்தைச் சேர்ந்த மூன்று ஆட்டுக்கடாக்களும், உயர்குலப் பொலிக்குதிரையொன்றும், நரிவேட்டை நாய்களும் அக்கூட்டத்தில் அடங்கியிருந்தன. ஆங்கில நாட்டுப்புறம் ஒன்று பெட்டியிலடைத்துக் கடல்கடந்து கொண்டுவரப்பட்டது எனலாம்.

அவர் அரசிடமிருந்து ஏக்கரொன்று இருபது சிலிங் விலையிற் காணி வாங்கினார். இவ்விலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1833இல் முடிக்குரிய காணியின் ஆகக்குறைந்த விலை ஏக்கருக்கு ஐந்து சிலிங்காகும். 1844இல் அது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவாகவே கருதப்படும் என விதித்திருந்தது. எழுத்து உறுதியின்றி வழக்காற்றின்படி காட்டையும் புற்றரையையும் பயன்படுத்திய கிராமத்தவர் தமது உரிமையை எவ்வாறு நிறுவ முடியும்? கண்டி விவசாயி தனது வயலைப் பறிகொடுத்தான் என்பதிலும் பார்க்க, வயலைச் சூழ்ந்து அதனைத் தாங்கிநின்ற காடும் மேய்ச்சலும் சேனையும் சட்டத்தின் துணைகொண்டு பண்டமாக்கப்பட்டன என்பதே பொருத்தமாகும்.

நுவரெலியாச் சமவெளியில் நிலையான குடியிருப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன என்பது உண்மை. ஆனால் குடியிருப்பின்மை வேறு, வரலாறின்மை வேறு. மாணிக்கக்கல் அகழ்ந்த பழங்குழிகளையும், மலைச்சரிவிலே நீரைத் திருப்பிய பழைய வாய்க்கால்களையும் பேக்கரே கண்டு விரிவாக எழுதியுள்ளார். வெற்றுநிலமெனச் சட்டம் கூறிய இடத்தில் மனித உழைப்பின் சுவடுகளை அதே நிலத்தை வாங்கியவர் பதிவுசெய்துள்ளமை வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்றாகும்.

5

‘மூலதனம்’ முதற்பாகத்தின் இறுதி அத்தியாயத்தில், குடியேற்றம் பற்றிய வேக்பீல்டின் கோட்பாட்டை மார்க்ஸ் ஆராய்கின்றார். 1829ஆம் ஆண்டையொட்டி மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றுப் பகுதிக்குப் பணத்துடனும் பொருள்களுடனும் தொழிலாளருடனும் சென்ற பீல் என்பவர், இறங்கியதும் படுக்கை விரிக்கவோ தண்ணீர் எடுக்கவோ ஒரு வேலையாளுமின்றி விடப்பட்ட கதை அங்கு வருகின்றது. நிலம் எளிதிற் கிடைக்கும் இடத்தில் தொழிலாளி கூலிக்கு நிற்பதில்லை. அதனாலேயே நிலத்திற்குச் செயற்கையான உயர்விலை விதிக்கப்படவேண்டுமென வேக்பீல்ட் வாதிட்டார். பணமும் பொருளும் தாமாகவே மூலதனமாவதில்லை, அவற்றோடு ஒரு சமூக உறவும் ஏற்றுமதி செய்யப்படவேண்டும் என்பது மார்க்ஸ் அதிலிருந்து பெற்ற முடிவு.

பேக்கருக்குப் பீலின் கதி நேரவில்லை. அதற்குக் காரணம் இருபது சிலிங் விலை மட்டுமன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், வறட்சியும் நிலவரியும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்துகொண்டிருந்தனர். வந்தவர் ஒப்பந்தத்தை முறித்து அகன்றால் அவரைக் குற்றவாளியாகத் தண்டிப்பதற்கு 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இருந்தன. சுவான் ஆற்றில் இல்லாத சமூக உறவு மலையகத்தில் ஆயத்தமாக நின்றது.

ஆயினும் பேக்கரின் பண்ணை தொடக்கத்திற் பெருந்துன்பமே கண்டது. கொண்டுவந்த குதிரைவண்டி மலைப்பாதையிலிருந்து பள்ளத்திற் கவிழ்ந்தது. டேர்ஹம் பசு மலையேறும் வழியில் மடிந்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் தானியத்தை மரைகளும் காட்டுப்பன்றிகளும் அழித்தன. மாடுகளும் குதிரைகளும் நோயுற்று இறந்தன. மனிதருக்கு இதமான தட்பவெப்பம் மண்ணின் வளத்திற்கு உறுதியன்று என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். மழையாற் கழுவப்பட்டுச் சத்திழந்த பற்றனை நிலம், தொடர்ந்து எருவிட்டாலன்றி ஆங்கிலப் புல்லையோ பயிரையோ தாங்கவில்லை. எருவுக்குக் கால்நடை வேண்டும். கால்நடைக்குத் தீனி வேண்டும். தீனிக்கு எருவிட்ட நிலம் வேண்டும். இவ்வட்டத்தைச் சுழற்றியது மனித உழைப்பேயன்றி வேறன்று.

குதிரையைப் பேணுதல் என்பதன் உள்ளடக்கத்தை இங்குச் சற்று விரித்து நோக்குதல் தகும். ஆசியக் குடியேற்றநாடுகளிலே வெள்ளைக்காரரின் குதிரையொன்றிற்குக் குதிரைக்காரன் ஒருவனும் புல்வெட்டி ஒருவனும் அமர்த்தப்படுதல் பரவலான வழக்கமாக இருந்தது. இலங்கையிற் குதிரைக்காரருட் பெரும்பாலோர் தமிழர். துரை குதிரையேறிச் செல்லும்போது குதிரைக்காரன் அதன் பக்கத்திலே காலால் ஓடுவான். சென்றடைந்ததும் துரை இளைப்பாறுவார். ஓடிவந்தவன் குதிரையின் வியர்வையைத் துடைத்து, நீர்காட்டி, தீனி வைத்தபின்னரே தன் பசியை நினைக்கலாம். இலாயத்திற்கான கூரையும் கொள்ளும் குதிரையின் தேவைகள் என்பதற்காகத் தோட்டக் கணக்கிற் செலவாக ஏற்கப்பட்டன. உழைப்பாளரின் லயத்திற்கோ பத்தடி பன்னிரண்டடி அறையொன்றே போதுமெனப்பட்டது. இலாயம், லயம் ஆகிய சொற்களின் ஒலியொற்றுமை தோட்ட மக்களின் பேச்சிலே எத்தகைய கசப்பான சிலேடைக்கு இடமளித்திருக்கும் என்பது ஊகித்தற்கு அரிதன்று.

மறுபுறத்திற் கால்வழியை நோக்குவோம். தலைமன்னார்ப் பகுதியிற் கரையேறியோர் வரண்ட காட்டினூடே நாட்கணக்கில் நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மை, வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சல், பசி ஆகியவை வழிநெடுக உயிர்களைக் கொண்டன. 1841 முதல் 1849 வரை இலங்கைக்கு வந்த உழைப்பாளருள் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் இறந்தனர் என 1849இற் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. இத்தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அத்தகைய தொகையொன்று அக்காலத்திலேயே, தோட்டத்துரைமார் வாசித்த பத்திரிகையிலேயே நம்பத்தக்கதாக வெளியிடப்பட்டமை நிலைமையின் கடுமையை உணர்த்தப் போதுமானது. மேலும், குளிர் எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. கணப்பும் கம்பளியும் உடையோர்க்கு அது ‘இதமான தட்பவெப்பம்’. சமவெளியின் வெயிலிலிருந்து ஒற்றை ஆடையுடன் வந்து, ஈரமண் தரையிற் படுத்தோர்க்கு அது நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் ஆகும். தட்பவெப்பமும் ஒரு வர்க்க அனுபவமே.

6

இலக்கிய மாணவர்க்கு இவ்வரலாற்றில் மற்றொரு வினாவும் உண்டு. எக்குடிப்பெயர்வு எழுத்தாயிற்று, எது ஆகவில்லை? பேக்கர் தமது இலங்கை வாழ்வைப்பற்றி இரு நூல்கள் எழுதினார். ஒன்று வேட்டை பற்றியது. மற்றது 1855இல் வெளிவந்த ‘இலங்கையில் எட்டாண்டு அலைவு’ எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க நூல். தெளிவும் நகைச்சுவையும் வாய்ந்த உரைநடை அது. ஆயினும் அதன் நகைச்சுவை செயற்படும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. வண்டி கவிழ்ந்த செய்தியை அறிவித்துக் குதிரைக்காரன் எழுதிய கடிதத்தை, அதன் எழுத்துப்பிழைகளும் கொச்சை ஒலிப்பும் சிதையாதவாறு அவர் அச்சேற்றுகின்றார். அந்நூலில் ஆங்கிலத் தொழிலாளி எழுத்தாளனாகத் தோன்றுமிடம் அதுவே. அங்கும் அவன் எழுத்தே நகைப்பிற்குரிய பொருளாகின்றது. தன் நாட்டுத் தொழிலாளிக்கே இக்கதி எனில், ‘கூலி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்ட தமிழர் அந்நூலிற் பெயரும் குரலுமின்றி நிற்பதில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் பற்றிய இலக்கியம், நிலத்தைக் காட்சியாக்கும்போது அதில் உழைப்போரைக் காட்சியிலிருந்து அகற்றிவிடுகின்றது என்பதனை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளிவந்த தமது நூலில் விளக்கியுள்ளார். நுவரெலியாவை ‘குட்டி இங்கிலாந்து’ எனக் கூறும் மரபு அந்த இலக்கியப் பார்வையின் ஏற்றுமதியாகும். ஆங்கில நாட்டுப்புறமே பொதுநிலங்களை வேலியிட்டு, குடியானவரை வெளியேற்றி உருவாக்கப்பட்டது. அதனைப் போலச் செய்தபோது அந்த வன்முறையும் உடன்வந்தது.

நடந்துவந்தோர் நூல் எழுதவில்லை. ஆனால் அவர்கள் பாடினர். கண்டிச்சீமைக்கு வந்த துயரும், கங்காணியின் வஞ்சகமும், துரையின் கொடுமையும் மலையக நாட்டார் பாடல்களில் இடம்பெற்றுள்ளன. சி.வி. வேலுப்பிள்ளை முதலானோர் அவற்றைத் தொகுத்துப் பேணினர். ஆட்சியாளரின் ஏடுகள் ‘நுவரெலியா’ எனப் பதிந்த ஊரை மலையக மக்கள் ‘நூரளை’ என்றே தம் நாவிற்கிசைய வழங்கினர். ஓரிடத்திற்குத் தன்மொழியிற் பெயரிடுதல் அவ்விடத்திற் குடியேறியமைக்கான சான்றுகளுள் முதன்மையானது. அச்சான்றினை எந்த நீதிமன்றமும் கேட்டுப் பெறவில்லை.

7

பேக்கர் 1855இல் இலங்கையை விட்டு நீங்கினார். பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் தோற்றுவாய் தேடிச் சென்று புகழ்பெற்றார். அவரது குடும்பத்தவர் சிலர் நுவரெலியாவிற் தொடர்ந்திருந்தனர். 1869இற் கோப்பி இலைநோய் தோன்றி அத்தொழிலை அழித்தபின் தேயிலை மலைகளை நிறைத்தது. 1885இற் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1873இல் அமைந்த கிரகரி வாவியும், 1875இல் அமைந்த குதிரைப் பந்தயத் திடலும், அடுத்த ஆண்டிற் தோன்றிய மலைக் கழகமும் துரைமாரின் ஓய்வுலகை நிறைவுசெய்தன. சித்திரை மாதப் பந்தயம் இன்றுவரை அந்நகரின் பருவகாலக் கொண்டாட்டமாக உள்ளது. பேக்கரின் பெயர் ஹோட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சியொன்றில் நிலைத்துள்ளது.

ஏழாண்டு வாழ்ந்து அகன்றவர் ‘குடியேறியவர்’ எனப்பட்டார். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரோ ‘தற்காலிகமாகத் தங்குவோர்’ எனப்பட்டனர். இது வெறும் சொல் வேறுபாடன்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியத் தமிழரிடம் இலங்கையில் நிலையான அக்கறை உள்ளதா என்ற வினா எழுப்பப்பட்டு, அவர்களது வாக்குரிமைக்கு வதிவிடம் சார்ந்த தடைகள் இடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையின் அல்லது பாட்டன், பூட்டன் ஆகியோரின் இலங்கைப் பிறப்பை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவற்ற லயங்களில் பிறந்தோர் எவ்வாறு நிறுவுவர்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், திருமணமானோர்க்கு ஏழாண்டு, ஏனையோர்க்குப் பத்தாண்டு இடையறாத வதிவை நிபந்தனையாக்கியது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரேயாவர். பேக்கரின் வதிவுக்காலமும் ஏழாண்டே. அவரிடம் எவரும் சான்று கேட்டதில்லை. சட்டம் அளந்தது ஆண்டுகளையன்று, வர்க்கத்தையும் இனத்தையுமே.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் இணங்கியது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இற் சமமாகப் பங்கிடப்பட்டது. இவ்வாறு ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டவருட் பலர் தாம் ஒருபோதும் கண்டிராத நீலகிரிக்குச் சென்றனர். அவர்களுக்கு வேலையளிப்பதற்காக 1968 முதல் தமிழ்நாடு அரசு கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிற் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. 1819இல் டேவியும் சலிவனும் தனித்தனியே கண்டெழுதிய இரு குளிர்மலைகளும், ஒன்றரை நூற்றாண்டின்பின் உழைப்பாளரின் நாடுகடத்தலால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஒரு மலையில் வேண்டப்படாதோர் மற்றொரு மலையில் அதே கூடையைச் சுமந்தனர்.

குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. காணிப் பிரச்சினை தீரவில்லை. தாம் வாழும் வீட்டிற்கும் அது நிற்கும் நிலத்திற்கும் உறுதியற்றோராகவே தோட்டக் குடும்பங்களுட் பல இன்றும் லய அறைகளில் வாழ்கின்றன. 1840இற் தரிசென முடி எடுத்துக்கொண்ட நிலம் இருபது சிலிங்கிற்குத் துரைமாரிடம் சென்றது, கம்பனிகளிடம் சென்றது, 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசிடம் மீண்டது, 1992இலிருந்து மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்திற்கும் குத்தகைக்கும் சென்றது. இத்தனை கைமாற்றங்களிலும் அதைப் பண்படுத்தியோரின் கை ஒருமுறையேனும் இடம்பெறவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று. முதலாவது, இதமான மலைப்புறத்திற்குக் குடிபெயர்தல் என்ற தனிமனித விருப்பம், காணிச் சட்டம், கட்டாய உழைப்பு, தண்டனைச் சட்டம் ஆகிய மூன்றன் மீதும் நின்றது. இரண்டாவது, குதிரைவழி வந்தோரின் வரலாறும் கால்வழி வந்தோரின் வரலாறும் ஒன்றாகவே எழுதப்படவேண்டியவை. தோட்ட மாளிகைகளையும் பந்தயத் திடலையும் மரபுரிமைச் சின்னங்களாகப் பேணுவோர், குதிரைக்காரரும் புல்வெட்டிகளும் வாழ்ந்த லயங்களையும் அவ்வரலாற்றின் பகுதியாக ஏற்றல் வேண்டும். மூன்றாவது, குடியேறியவர் யார் என்ற வினாவிற்கு விடை தருவது வந்தவரின் வாகனமன்று. நிலத்தோடு அவர் கொண்ட உழைப்புறவேயாகும்.

மலையகத் தமிழரின் வருகையின் இருநூற்றாண்டு நிறைவையொட்டி, 2023ஆம் ஆண்டு ஆடி, ஆவணி மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடைபயணமொன்றை மேற்கொண்டனர். முன்னோர் இறந்த வழியிலே அவர்கள் நடந்தது இரங்கற் சடங்காக மட்டுமன்று. காணியும் வீடும் சமமான குடிமை உரிமையும் அப்பயணத்தின் கோரிக்கைகளாயின. அக்கால்வழியின் தங்குமடங்கள், கிணறுகள், புதைகுழிகள் ஆகியவற்றை ஊர்ஊராகப் பதிவுசெய்தலும், தோட்டங்களில் எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தலும் நமது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய பணிகளாகும். துரைமாரின் நாட்குறிப்புகள் நூலகங்களிற் பாதுகாப்பாக உள்ளன. முதியோரின் நினைவுகளுக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவுமில்லை.